டனியூப் ஆற்றில் கரைத்த சாயம்

கண் கிளினிக்கில் விழித்திரையைப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அந்த மருந்தைக் கண்டிருப்பார்கள். ஐந்து மில்லிலீற்றர் பிடிக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே கடும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திரவம். அதில் கரைந்திருப்பது 500 மில்லிகிராம் சாயம். முழங்கை மடிப்பில் நாளம் பார்த்து ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து செக்கனுக்குள் அது இதயத்துக்குப் போய், அங்கிருந்து கண்ணின் பின்சுவருக்கு வந்துவிடும். நீல வெளிச்சம் பளிச்சிடப் பளிச்சிட, விழித்திரையின் குருதிக் குழாய்கள் ஒவ்வொன்றாக ஒளிவிட்டுக் கமராவில் எழும்பும். எங்காவது ஒரு குழாய் கசிந்தால் அந்த இடத்தில் சாயம் திட்டாகப் படரும். நீரிழிவுக்காரர் ஒருவரின் கண் எவ்வளவு பழுதாகிவிட்டது என்பதை டொக்டர் அந்தத் திட்டுகளை வைத்தே கணிக்கிறார். சிலருக்குக் கொஞ்சம் குமட்டும். எழும்பி வரும்போது முகமும் கையும் மஞ்சள் பூத்திருக்கும். "அம்மா, இண்டைக்கும் நாளைக்கும் சலம் மஞ்சளாத்தான் போகும், பயப்பிடாதேங்கோ" என்று தாதி சொல்லி அனுப்புவார். சொல்லாமல் விட்டால் வீட்டில் காமாலை என்று பதறிப் போவார்கள்.

லிப்டன் சுற்றுவட்டத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறைய உண்டு. அவர்களுக்குப் பழக்கமான இந்தச் சாயத்தின் பெயர் சோடியம் புளோரசீன். வயது 150க்கு மேல். ஆற்றிலும் கடலிலும் கண்ணிலும் வேலை பார்த்த இதே மருந்தைத்தான் இன்று உலகின் பல நகரங்களில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் நாளத்தில் ஏற்றி, மண்டையோட்டைத் திறந்து, கட்டி எங்கே முடிகிறது என்று தேடுகிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கென்று புதிது புதிதாக வரும் விலை கூடிய மருந்துகளுக்கு நடுவே இந்தப் பழைய மலிவுச் சாயம் எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

புற்றுநோய்க் கட்டியை வெட்டும் டொக்டருக்கு எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி. கட்டியின் நடுப்பகுதி கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்கும் தெரியும். ஓரத்தில்தான் சிக்கல். அங்கே நோய்க் கலங்கள் நல்ல சதைக்குள் ஊடுருவி, நல்லது எது, நோய் எது என்று பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும். மார்பிலோ குடலிலோ என்றால் சுற்றிவரக் கொஞ்சம் கூட்டியே வெட்டிவிடலாம். மூளையில் அந்த வசதி கிடையாது. சில மில்லிமீற்றர் கூடிப் போனால் பேச்சு போய்விடலாம், ஒரு கை விழுந்துவிடலாம். குறைத்து வெட்டினால் மிச்சம் விட்டது சீக்கிரமே வளர்ந்து வரும். கிளையோமா என்னும் மூளைக்கட்டி இதில் மிகப் பொல்லாதது. தியேட்டரின் வெள்ளை வெளிச்சத்தில் அதன் ஓரமும் மூளையும் ஏறத்தாழ ஒரே நிறம். கருவி முனையில் தொட்டால் ஏறத்தாழ ஒரே மென்மை.

அந்த ஓரத்தை ஒளிரவைத்துப் பார்க்கும் வித்தைக்கு அடிப்படை கொயினாவிலிருந்து வந்தது. 1845இல் ஜோன் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, நிறமேயில்லாத கொயினாக் கரைசலை வெயிலில் வைத்தபோது அதன் மேற்பரப்பில் அழகான நீலம் படிவதைக் கண்டு எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. ஏழு வருடம் கழித்து, 1852இல், கேம்பிரிட்ஜின் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்ரோக்ஸ் அதை அவிழ்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிரைக் கரைசல் உறிஞ்சுகிறது. உறிஞ்சியதைக் கண்ணுக்குத் தெரியும் நீலமாகத் திருப்பித் தருகிறது. திருப்பித் தரும் ஒளிக்கு, வாங்கிய ஒளியைவிட அலைநீளம் கூட. இன்றைய தியேட்டரில் நடப்பதெல்லாம் இந்த ஒரு விதியின் பிரயோகம். ஒரு நிற ஒளியைப் பாய்ச்சி, பாய்ச்சிய ஒளியை வடிகட்டியால் மறித்துவிட்டு, திரும்பி வருவதை மட்டும் பார்த்தால், சாயம் எங்கே இருக்கிறதோ அந்த இடம் தனியே தெரியும்.

கொயினாவைச் சொன்னால் நம் மலையகத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்ரோக்ஸ் பரிசோதித்தது தென் அமெரிக்க மரப்பட்டையில் இருந்து எடுத்த மருந்து. அதன்பின் பத்து வருடம் நிறைவதற்குள், 1861இல், அந்தச் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென்றே நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். கோப்பியை இலைநோய் அழித்தபின் துரைமார் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். 1880களில் இலங்கைப் பட்டை இலண்டன் சந்தையை நிரப்பியது. பிறகு ஜாவாவின் தரமான பட்டை வந்து விலையை விழுத்த, தேயிலை வந்தது. அந்தப் பட்டையை உரித்துக் காயவைத்துக் கட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர். ஒளிரும் மருந்துகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஹேர்ஷலையும் ஸ்ரோக்ஸையும் மறப்பதில்லை. அந்தக் கைகளுக்கும் அதில் ஒரு வரி சேர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

புளோரசீன் பிறந்தது 1871இல், பேர்லினில். அடோல்ப் வொன் பாயர் என்ற இரசாயனவியலாளர் தாலிக் அன்ஹைட்ரைட்டையும் ரிசோர்சினோலையும் சேர்த்துச் சூடாக்கி அதைச் செய்தார். செந்நிறத் தூள், காரம் கலந்த தண்ணீரில் கரைத்தால் மஞ்சட்பச்சையாகச் சுடர்விடும். கோடி பங்கு தண்ணீரில் ஒரு பங்காக நீர்த்துப் போனாலும் அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியும். இதே பாயர்தான் நீலச் சாயத்தை ஆய்வுகூடத்தில் செய்யும் வழியையும் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஆராய்ச்சி வழிவந்த செயற்கை நீலம் 1897இல் விற்பனைக்கு வந்தபோது வங்காளத்திலும் பீகாரிலும் சென்னை மாகாணத்திலும் அவுரி பயிரிட்டவர்களின் பிழைப்பு சரிந்தது. பாயருக்கு 1905இல் நோபல் பரிசு கிடைத்தது.

1874இல் ஹைன்றிக் காரோ என்ற இன்னொரு ஜேர்மன் நிபுணர் புளோரசீனோடு புரோமினைச் சேர்த்தார். மஞ்சட்பச்சை போய் இளஞ்சிவப்பு வந்தது. ஈயோசின் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பிள்ளையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கட்டியின் விளிம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு அது வரும்.

சாயத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஓர் ஆற்று வழக்கு. தெற்கு ஜேர்மனியில் இமெண்டிங்கன் என்ற ஊருக்குப் பக்கத்தில் டனியூப் ஆறு கோடையில் தரைக்குள் இறங்கி மறைந்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி ஆக் என்ற இடத்தில் ஒரு பெரிய ஊற்று. அதன் தண்ணீரில் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அது தங்கள் ஆற்றுத் தண்ணீர் என்று மேல்கரைக்காரர் சொன்னார்கள். 1877 ஒக்டோபரில் நிலவியல் பேராசிரியர் ஒருவர் பத்துக் கிலோகிராம் புளோரசீனைக் கரைத்து ஆறு மறையும் இடத்தில் ஊற்றினார். ஏறத்தாழ 60 மணித்தியாலத்தில் ஆக் ஊற்று பச்சைப் பசேலென்று பொங்கியது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு மலையடியால் புகுந்து ரைன் ஆற்றோடு வடகடலுக்குப் போகிறது என்பது அன்றைக்கு நிரூபணமானது. கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டுபிடிப்பதே இந்தச் சாயத்தின் தொழில். இதன்பிறகு அது எங்கே போனாலும் செய்தது இந்த ஒரே வேலையைத்தான்.

1882இல் போல் ஏர்லிக் அதை விலங்குகளின் உடலில் ஏற்றிக் கண்ணுக்குள் நீர் ஓடும் பாதையைப் பார்த்தார். அதற்குப் பிறகு கண் டொக்டர்கள் கருவிழியில் கீறல், புண் தேடுவதற்கு அதைச் சொட்டாக விட ஆரம்பித்தார்கள்; இன்றும் அந்த வேலை நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடலில் விழும் விமானிகளின் மிதவை அங்கியில் அதைப் பொட்டலமாக வைத்தார்கள். பொட்டலம் அவிழ்ந்தால் அலைமேல் பச்சை பரவும். தேடி வரும் விமானத்துக்கு ஆள் இருக்கும் இடம் தெரியும்.

புற்றுநோய்க்கு அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் மூர். 1947இல் அவர் எழுதிய கட்டுரை, நல்ல சதையையும் புற்றுச் சதையையும் புளோரசீனால் வேறுபடுத்தலாம் என்றது. அடுத்த வருடமே மூளைக்கட்டிகளில் செய்த அனுபவத்தையும் வெளியிட்டார். நாளத்தில் சாயத்தை ஏற்றி, விளக்குகளை அணைத்து, ஊதாக்கடந்த கதிர் விளக்கைப் பிடித்தால் கட்டி மஞ்சளாகத் தெரிந்தது, மூளை இருண்டு கிடந்தது.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூளையின் குருதிக் குழாய்கள் உடம்பின் மற்றக் குழாய்களைப் போன்றவை அல்ல. அவற்றின் சுவரில் கலங்கள் இறுக ஒட்டிக்கொண்டு, கண்ட பொருளையும் உள்ளே விடாமல் காவல் நிற்கின்றன. புளோரசீனால் அந்தக் காவலைத் தாண்ட முடியாது. வேகமாக வளரும் கட்டியோ தனக்கென்று அவசரம் அவசரமாகப் புதுக் குழாய்களைக் கட்டுகிறது. அவை ஓட்டையும் ஒழுக்குமாக இருக்கும். அதனால் சாயம் கட்டிக்குள் மட்டும் கசிகிறது. கண் கிளினிக்கில் நடப்பதும் இதுவே. கருவில் விழித்திரை மூளையிலிருந்து கிளைத்து வரும் பகுதி. அதன் குழாய்களிலும் அதே காவல் உண்டு. நீரிழிவு அந்தக் காவலை உடைக்கும் இடத்தில் சாயம் திட்டாகிறது. கண் டொக்டரும் மூளை டொக்டரும் ஒரே மருந்தை எடுப்பது தற்செயலாக வந்ததல்ல.

மூர் இன்னொன்றும் செய்தார். புளோரசீனோடு கதிரியக்க அயடீனைச் சேர்த்து ஏற்றி, மண்டையோட்டைத் திறக்காமலே வெளியிலிருந்து கட்டியின் இடத்தைத் தேடினார். பின்னால் வந்த ஸ்கான் முறைகளுக்கு அது ஒரு முன்னோடி. ஸ்கான்கள் வளர்ந்தன, இருட்டில் கதிர் விளக்குப் பிடித்து வெட்டும் முறையைப் பலரும் கைவிட்டார்கள். அந்த விளக்கோடு நுட்பமாக வேலை செய்யக்கூடிய சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டியும் அப்போது இருக்கவில்லை. 1961இல் ஹரோல்ட் நொவொட்னி, டேவிட் அல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் இந்தியானாவில் தங்கள் உடம்பிலேயே பரீட்சித்து, அல்விஸின் விழித்திரையைச் சாயத்தோடு படம் எடுத்த முறையை வெளியிட்டார்கள். கண் மருத்துவச் சஞ்சிகை திருப்பி அனுப்பிய கட்டுரையை இதய மருத்துவச் சஞ்சிகை பிரசுரித்தது. அதிலிருந்து புளோரசீன் கண் கிளினிக்கோடு நின்றுவிட்டது. மூளை அதை மறந்தது.

இடையில் வேறு மருந்துகள் வந்தன. அவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, அமினோலெவுலினிக் அமிலம். நம் உடம்பு குருதியின் செந்நிறப் பொருளைச் செய்வதற்குப் பாவிக்கும் ஒரு மூலப்பொருள் அது. சத்திரசிகிச்சைக்குச் சுமார் மூன்று மணித்தியாலம் முன்னதாக நோயாளிக்கு அதைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கிளையோமாக் கலங்கள் அதை இன்னொரு பொருளாக மாற்றித் தங்களுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். நீல-ஊதா ஒளியில் அது சிவப்பாகச் சுடரும். ஜேர்மனியில் வால்டர் ஸ்டம்மர் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. 322 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வெள்ளை வெளிச்சத்தில் மட்டும் வெட்டியவர்களில் 36 வீதமானவர்களுக்கே எம்.ஆர்.ஐ.யில் மிச்சமில்லாமல் கட்டி அகன்றது. சிவப்புச் சுடரைப் பார்த்து வெட்டியவர்களில் 65 வீதம். ஆறு மாதம் நோய் கூடாமல் இருந்தவர்கள் முதற்பிரிவில் 21 வீதம், இரண்டாவதில் 41 வீதம். ஒளிரும் மருந்தை நம்பலாமா என்ற வாதத்தை அந்த எண்கள் முடித்து வைத்தன. அடுத்த வருடமே ஐரோப்பா அனுமதித்தது. மருந்தோ கடும் விலை. நோயாளியை 24 மணித்தியாலம் பலத்த வெளிச்சம் படாமலும் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இந்தோசயனின் கிரீன். கமராப் படச்சுருள் செய்த கொடக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1950களில் உருவானது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கத்தில் ஒளிர்வது. அதைப் பார்க்கத் தனிக் கமரா வேண்டும். ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்குச் சத்திரசிகிச்சைக்கு முன் அதை ஏற்றுவது வழக்கம். தோக்கியோவில் அப்படி ஏற்றப்பட்டவர்களின் ஈரலைச் சில நாள் கழித்துத் திறந்து கமராவைப் பிடித்தபோது, ஈரல் மருந்தைப் பித்தத்தோடு வெளியேற்றிவிட்டிருந்தது. கட்டியால் வெளியேற்ற முடியவில்லை. கட்டி தனியாக ஒளிர்ந்தது. ஈரலிலேயே தோன்றிய கட்டிகளில் பல முழுதாகச் சுடர்ந்தன. குடலிலிருந்து பரவி வந்தவற்றைச் சுற்றி ஒளி வளையம் போட்டது. இஷிசாவாவும் கூட்டாளிகளும் 2009இல் இதை எழுதினார்கள். அதற்குப் பிறகு சூலகப் புற்றுநோய்க் கலங்களைத் தேடிப் போய் ஒட்டும் ஒரு மருந்துக்கு அமெரிக்கா 2021இல் அனுமதி கொடுத்தது. மார்பில் கட்டியை எடுத்த குழிக்குள் மிச்சம் தேடும் ஒரு மருந்துக்கு 2024இல் கொடுத்தது. வருங்காலம் அந்தப் பக்கம்தான். விலையும் அந்தப் பக்கம்தான்.

புளோரசீன் மூளைக்குத் திரும்பியதை ஜப்பானியர்களிடம் இருந்து சொல்லலாம். 2003இல் ஷினோடா என்ற நிபுணரும் கூட்டாளிகளும், உடல் நிறையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில் சாயத்தை ஏற்றினால் விசேட விளக்கே தேவையில்லை, சாதாரணத் தியேட்டர் வெளிச்சத்திலேயே கட்டி மஞ்சளாகத் தெரிகிறது என்று காட்டினார்கள். சாயத்தோடு வெட்டியவர்களில் 84 வீதமானவர்களில் கட்டி முழுதாக அகன்றது, சாயமில்லாமல் 30 வீதம். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல அது. எண்களை அந்தக் கவனத்தோடு எடுக்க வேண்டும். ஆனாலும் விலை கூடிய கருவி வாங்க முடியாத ஆஸ்பத்திரிகளுக்கு அது பெரிய செய்தி. 2012இல் ஸைஸ் கம்பனி தன் சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டிக்கு 560 என்ற எண்ணோடு ஒரு மஞ்சள் வடிகட்டியைக் கொண்டுவந்தது. அதைப் போட்டால் கிலோவுக்கு ஐந்து மில்லிகிராமோ அதற்குக் குறைவோ போதும். ஐம்பது கிலோ நிறையுள்ள ஒருவருக்கு 250 மில்லிகிராம்: கண் கிளினிக்கில் உடைக்கும் குப்பியில் சரிபாதி. மிலானில் பிரான்செஸ்கோ அசெர்பி தலைமையில் 46 பேரில் செய்த ஆய்வு 2018இல் வந்தது, 82.6 வீதமானவர்களில் கட்டி முழுதாக எடுபட்டது.

இந்தச் சாயத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அது புற்றுநோய்க் கலத்தைத் தெரிந்துகொண்டு ஒட்டுவதில்லை. கசியும் குழாயை மட்டுமே காட்டும். வெட்டும்போது அறுபடும் குழாய்களிலிருந்தும் கசியும். கட்டியைச் சுற்றி வீக்கம் இருந்தால் அங்கேயும் மெல்லப் பரவும். மெதுவாக வளரும் கிளையோமாக்களில் குழாய்க் காவல் உடையாததால் பெரும்பாலும் ஒளிராது. மஞ்சள் முடிந்த இடத்தில் நோய் முடிந்தது என்று எவரும் சத்தியம் பண்ண முடியாது. அரிதாகக் கடும் ஒவ்வாமையும் வரும். அதனால்தான் கண் கிளினிக்கிலும் பக்கத்தில் அவசர மருந்துகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

தீர்ப்பு வேறிடத்தில் எழுதப்படுகிறது. மார்பிலிருந்தோ நாக்கிலிருந்தோ எடுத்த துண்டுக்கு டொக்டர் தியேட்டரிலேயே நூல் கட்டிவிடுவார். மார்பில் பொதுவாகக் குட்டை நூல் மேற்பக்கத்துக்கு, நீள நூல் வெளிப்பக்கத்துக்கு. துண்டு போர்மலின் போத்தலில் நோயியல் ஆய்வுகூடத்துக்குப் போகும். அங்கே நோயியல் நிபுணர் நூலைப் பார்த்துத் திசை பிடித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிற மை பூசுவார். கறுப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். மை காய்ந்தபின் துண்டைத் தகடு தகடாக அறுத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் 250இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றி நிறம் ஊட்டுவார்கள். கலத்தின் கருவுக்கு நீலம்; அது மத்திய அமெரிக்க மரம் ஒன்றிலிருந்து வரும் ஹேமடொக்சிலின். மற்றதற்கெல்லாம் இளஞ்சிவப்பு: ஈயோசின். காரோ 1874இல் புளோரசீனுக்குள் புரோமினை ஏற்றிப் பெற்ற அதே ஈயோசின். தியேட்டரில் தாய் காட்டும் ஓரத்தை, ஆய்வுகூடத்தில் பிள்ளை சரி பார்க்கிறது.

நுணுக்குக்காட்டியில் நோய்க் கலம் மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பில் நோய் நிற்கிறது என்று அர்த்தம். உடம்புக்குள்ளும் மிச்சம் இருக்கக்கூடும். வாய்ப் புற்றுநோயில் நோய்க்கும் மைக்கும் இடையில் ஐந்து மில்லிமீற்றராவது இருந்தால் திருப்தி. மார்பில் பரவும் வகைக்கு, கட்டி மையைத் தொடாமல் இருந்தாலே போதும் என்று 2014இல் அமெரிக்க வழிகாட்டல் வந்தது. மூளையில் இந்த மை வேலையே நடக்காது. கட்டி துண்டு துண்டாக, பாதி உறிஞ்சு குழாயோடு வெளியே வருகிறது. பூசுவதற்கு ஒரு வெளிப்பக்கமே இல்லை. ஓரத்தைத் தியேட்டரிலேயே பார்த்தாக வேண்டும். ஒளிரும் சாயம் மற்ற எல்லாவற்றையும்விட மூளைக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான்.

நம் நாட்டு ஆண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மூளையில் வருவதல்ல, வாயில் வருவது. வெற்றிலை, பாக்கு, புகையிலை. மூளையில் புளோரசீனைப் பாவித்த அதே ஜோர்ஜ் மூர் 1950களின் தொடக்கத்தில் மெல்லும் புகையிலைக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் எழுதினார். வாயின் ஓரத்தைப் பார்க்கவும் ஒளியைப் பரீட்சித்தார்கள்: சாயமே ஏற்றாமல், நீல ஒளியில் சதை தானாக விடும் பச்சையை வைத்து. கனடாவில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. அந்த ஒளியைப் பார்த்து வெட்டியவர்களுக்கும் சாதாரணமாக வெட்டியவர்களுக்கும் நோய் திரும்புவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே நாக்கிலும் கன்னத்திலும் இன்றைக்கும் டொக்டரின் கண்ணும் விரலும், பிறகு அந்த ஐந்து மில்லிமீற்றரும்தான் துணை.

யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் விடியற்காலையில் வெள்ளவத்தையில் ஆட்களை இறக்குகின்றன. அதில் சிலர் மடியில் பொலித்தீன் பையோடு இறங்குவார்கள். உள்ளே ஸ்கான் படம், ரிப்போர்ட், கிளினிக் கொப்பி. லொட்ஜில் முகம் கழுவி, பாமன்கடைப் பக்கமாகப் போய் ஹைலெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தால் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. மலையகத்திலிருந்து வருகிறவர்கள் கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கி, புறக்கோட்டையில் அதே 138ஐப் பிடிப்பார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவு எழுந்த பிறகு வடக்கில் பலருக்கு இந்தப் பயணம் குறைந்தது. மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தகப்பன் முன்னின்று ஊரெல்லாம் பணம் திரட்டி மகரகமவுக்குப் பெற் ஸ்கானர் வாங்க வழி செய்ததும் இந்த நாட்டில்தான். கொடுக்கிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுத்த முறை பணம் சேர்க்கும்போது ஸ்கானரோடு நிற்க வேண்டாம். நுணுக்குக்காட்டிக்கு ஒரு வடிகட்டி, நோயியல் ஆய்வுகூடத்துக்கு, வெட்டிய துண்டை உடனே உறையவைத்துச் சீவிப் பார்க்கும் உறைவெட்டு இயந்திரம், அங்கே வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி: இவற்றில் எது தேவை என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். இவற்றுக்குத் திறப்பு விழாப் படத்தில் பெரிய மதிப்பு இராது. நோயாளிக்கு உண்டு. மருந்துக்குப் புதிதாக எங்கும் அலைய வேண்டியதில்லை. கண் கிளினிக் அலுமாரியில் அது ஏற்கனவே இருக்கிறது.

பொலித்தீன் பையோடு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மூன்று கிழமையில் கைக்கு வரும் நோயியல் ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து 'மார்ஜின்' என்ற சொல் வரும் வரியைத் தேடச் சொல்லுங்கள். 'கிளியர்' என்றிருந்தால் எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள். 'குளோஸ்' என்றோ 'இன்வோல்வ்ட்' என்றோ இருந்தால், திரும்ப வெட்ட வேண்டுமா, கதிர்ச் சிகிச்சை போதுமா என்று அடுத்த கிளினிக்கிலேயே டொக்டரிடம் கேளுங்கள். அந்த வரியே இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள். ரிப்போர்ட்டின் மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். போட்டோகொப்பி எடுத்துக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால், மெழுகில் பதித்த அந்தத் துண்டை இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டி மறுபடி பார்க்கலாமா என்றும் விசாரியுங்கள்.